பன்னிரண்டு வோல்ட் வண்டியில் இருபத்துநான்கு வோல்ட் வின்ச்: மணமேல்குடிப் பக்கம் ஒரு வெள்ளிக்கிழமை

அந்தப் படகின் மேல் என் கையும் இருந்தது என்பதை அன்று நான் சம்சுதீனிடம் சொல்லவில்லை. அவர் என்னிடம் கேட்கவும் இல்லை. வளைகுடாவில் ஓர் அறையில் உட்கார்ந்திருந்தவருக்கு, என் கையிலிருந்த போன் காட்டியது மட்டும்தான் தெரிந்தது.

மே மாதம். மீன்பிடித் தடைக்காலத்தில் பெரிய படகுகள் கடலுக்குப் போகாது, கரை முழுக்க மராமத்து வேலை நடக்கும். அதைப் பார்க்க வேண்டும் என்று நெடுநாளாக ஓர் ஆசை. காலை ஏழு மணிக்குப் புதுக்கோட்டையிலிருந்து காரில் தனியாகக் கிளம்பினேன். அறந்தாங்கியில் இட்லி, தேநீர், அறுபது ரூபாய். ஒன்பதரைக்கு மணமேல்குடியைத் தாண்டி ஒரு சிற்றூரின் கரைக்கு வந்துவிட்டேன். ஊரின் பெயரை எழுதவில்லை; எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

இங்கே கடல் அலையடிக்காது. முழங்கால் ஆழத்துக்கு நெடுந்தூரம் சேறுதான். அந்தச் சேற்றின் விளிம்பில் ஒரு மரப்படகு சாய்ந்து கிடந்தது. அடிப்பலகை மாற்ற அதை மேட்டுக்கு ஏற்ற வேண்டும். நேர் எதிரே ஒரு பழைய பிக்கப் வண்டி, பின்பக்கம் பனைமரத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. முன்பக்கத்தில் பூசணிக்காய் அளவு இரும்பு டிரம், அதில் சுற்றிய கயிறு: பாரம் இழுக்கும் வின்ச். பக்கத்தில் போய்த் தகட்டைப் படித்தேன். 24V என்று இருந்தது. எனக்குத் தெரிந்து பிக்கப் எல்லாம் பன்னிரண்டு வோல்ட்.

"லாரி சாமானுங்க," என்றார், வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்த பெண். பெயர் ஹஜீரா, வயது முப்பதுக்குள் இருக்கும். "மச்சான் வேலை பாக்குற பட்டறையில கழிச்சுப் போட்டது. கார்கோல அனுப்பி விட்டாக."

"பன்னிரண்டில் ஓடாதா?"

"ஓடுச்சு. பொண்ணழைப்புல நடக்குற மாதிரி. பாரம் ஏறுனதும் நின்டுருச்சு."

படகின் சொந்தக்காரர் காளிமுத்து சிரித்தார். "கடல் தாண்டி வந்த அலுப்பு தங்கச்சி. ரெண்டு நாள் ஒறங்கட்டும்."

அந்த உறக்கத்தைக் கலைக்க அவர்கள் செய்திருந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. வண்டியின் பின்தட்டில், பழைய டியூப் ரப்பர் விரித்த மரப்பெட்டிக்குள் இன்னொரு பேட்டரி. வண்டி பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து இதன் நெகட்டிவுக்குக் கட்டைவிரல் தடிமனில் ஒரு கேபிள். இதன் பாசிட்டிவ் வின்சுக்குப் போகிறது. வின்சின் நெகட்டிவ் வண்டி பேட்டரியின் நெகட்டிவுக்கே திரும்புகிறது. வின்சுக்கு இருபத்துநான்கு கிடைக்கும். விளக்கு, ஹாரன், மற்றதெல்லாம் பழையபடி பன்னிரண்டிலேயே இருக்கும். பள்ளியில் டார்ச் லைட்டை வைத்துப் படித்த அதே தொடர் இணைப்புதான். ஒரே குறை, எஞ்சின் ஓடும்போது முதல் பேட்டரி மட்டுமே சார்ஜ் ஆகும். இரண்டாவது தன் கையிருப்பைத்தான் செலவழிக்க வேண்டும். வீட்டில் தனியாகத்தான் அதற்குச் சார்ஜ் போட வேண்டும். அதனால் ஒரு வோல்ட் மீட்டரை அதில் மாட்டியிருந்தார்கள்.

ஹஜீராவின் கணவர் சம்சுதீன் அங்கே லாரிகளுக்கு எலக்ட்ரீஷியன். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் காலையிலிருந்து வீடியோ அழைப்பிலேயே இருந்தார். வயர் எல்லாம் ஹஜீரா முறுக்கியது, அவர் சொல்லச் சொல்ல. விசா மாதக் கடைசியில் முடிகிறது.

"இது தனியா ஒரு படகை ஏத்திட்டா விசாவ கேன்சல் போட்டுட்டு வந்துருவாக. இங்கிட்டே இதை வச்சுப் பொழச்சுக்கலாம்," என்றார் ஹஜீரா, போனை உள்ளங்கையால் மூடிக்கொண்டு. "இல்லன்னா இன்னும் ரெண்டு வருசம். ஏங்க, இதக் கொஞ்சம் புடிக்கிறீங்களா? டிரம்மையே காட்டுங்க."

அப்படித்தான் போன் என் கைக்கு வந்தது. எஞ்சின் உறுமியது, ஹஜீரா சுவிட்சை அழுத்தினார், கயிறு விறைத்தது, படகு அசைந்தது. அசைந்த அடுத்த நொடி, வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள், பலகை அறுத்தவர்கள், சும்மா நின்றவர்கள் எல்லோரும் அதன் பக்கவாட்டில் இருந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. இந்தக் கரையில் படகு நகரும்போது கைகட்டி நிற்பது வழக்கமில்லை. படகு பாதி தூரம் வழுக்கிக்கொண்டு வந்தது. ஹஜீரா சொன்னபடி நான் டிரம்மையே காட்டினேன்.

"சூப்பரா சுத்துதே," என்றது போன். "ஹஜீ, இழுக்கும்போது மீட்டர் எவ்வளவு?"

ஹஜீரா தயங்கியது அரை நொடிதான். "பன்னெண்டு புள்ளி மூணு."

"பாரம் இருந்தா பதினொண்ணுக்கு வரணுமே. எத்தன பேரு கை வச்சாங்க?"

"நான் எண்ணல மச்சான். சொன்னாக் கேக்குறாங்களா இவுங்க?"

"அப்ப வின்ச் இழுக்கல. ஊரு இழுத்திருக்கு. ஊரை நம்பி நான் வேலைய விட முடியுமா?"

காளிமுத்துவுக்கு ரோசம் வந்துவிட்டது. "ஏன், ஊருக்கென்ன கொறச்சல்? உன் சாமானுக்கு முன்னாடி இருந்தே நாங்க இழுக்குறோம்டா."

பன்னிரண்டரைக்கு ஜும்மாவுக்குப் பாங்கு சொன்னார்கள். முஸ்லிம் ஆட்கள் பள்ளிவாசலுக்கும், மற்றவர்கள் சாப்பாட்டுக்கும் போக, கரை வெறிச்சோடியது. காளிமுத்து மட்டும் படகை விட்டு நகரவில்லை. ஹஜீரா அவரைப் பார்த்தார்.

"அண்ணே, நீங்க பின்னாடி ஏறி ஒக்காந்து மீட்டர் படிங்க. கீழ நின்டா ஒங்க கை சும்மா இருக்காது."

அவர் முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். கயிறு அறுந்தால் சாட்டையாக வீசும் என்று சம்சுதீன் சொல்ல, நனைத்த சாக்கு ஒன்றை அதன் நடுவில் போட்டார்கள். இந்த முறை படகு முழுவதும் தெரிய வேண்டும் என்பதால் நான் கயிற்றை விட்டு விலகி, படகின் பக்கவாட்டில் நின்றேன்.

டிரம் மெதுவாகச் சுற்றியது. "பதினொண்ணு புள்ளி நாலு," என்றார் காளிமுத்து. படகு ஒரு மணல் மேட்டில் முட்டியது. எஞ்சின் சத்தம் கம்மியது. ஹஜீராவின் உதடுகள் அசைந்தன. "பதினொண்ணு." கயிறு கிறீச்சிட்டது. எனக்குத் தெரியும், ஒரு கையால் போனைப் பிடித்திருப்பவளின் இன்னொரு கை இரண்டு டன் மரத்தை என்ன செய்துவிடும்? ஆனாலும் என் இடது உள்ளங்கை அந்தச் சூடான பலகையின் மேல் இருந்தது. எப்போது வைத்தேன் என்று தெரியவில்லை.

"பதினொண்ணுதான், பதினொண்ணுதான்," என்றார் காளிமுத்து. என் கையை மீட்டர் கண்டுகொள்ளவில்லை. படகு மேட்டைத் தாண்டி வந்து நின்றது.

போனில் சம்சுதீன் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "யாரும் இல்லைல?" என்றார்.

"அண்ணன் வண்டியில ஒக்காந்திருக்காக. வேற யாரு இருக்கா?" என்றார் ஹஜீரா. நான் கையைப் பலகையிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

திரும்பும் வழியெல்லாம் இதையே யோசித்தேன். ஒரு கருவியைத் தனியாகச் சோதிக்க ஊரையே கரையிலிருந்து அகற்ற வேண்டியிருந்தது. அப்படி அகற்றிய பிறகும், காலையில் வந்த ஒருத்தி மதியத்துக்குள் ஊராகிவிட்டாள்.

போக நினைப்பவர்களுக்கு: வெள்ளிக்கிழமை பன்னிரண்டரையிலிருந்து இரண்டு மணி வரை அநேகமாகக் கடைகள் திறந்திருக்காது, முன்பே சாப்பிட்டுவிடுங்கள். மீன் சாப்பாடு நூற்றிருபது. நிழல் கிடையாது, தண்ணீரும் தொப்பியும் வேண்டும். சேற்றில் வண்டியை இறக்காதீர்கள். இதே மாதிரி வின்ச் மாட்ட நினைத்தால், ஒரே அளவு, ஒரே வயதுள்ள பேட்டரியாக வாங்குங்கள். இரண்டாவது பேட்டரியின் எந்த முனையும் வண்டியின் உடலைத் தொடக் கூடாது. நடுவில் ஒரு துண்டிப்பு சுவிட்ச் வையுங்கள், வேலை முடிந்ததும் அதை அணைத்துவிடுங்கள். அனுபவமுள்ள எலக்ட்ரீஷியனிடம் காட்டாமல் ஓட்டாதீர்கள்.

சம்சுதீன் விசாவைப் புதுப்பிக்கவில்லை. ஜூலையில் ஹஜீரா ஒரு படம் அனுப்பினார்: வேறொரு படகு மேடேறிக்கொண்டிருக்கிறது, சுவிட்ச் ஹஜீராவின் கையில், பக்கவாட்டில் தோள் கொடுத்து நிற்கிற ஆட்களில் மூன்றாவதாக சம்சுதீன்.