ரெண்டுங்கெட்டான் காந்தாரம்

ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில் நம்மவர் வீட்டுக் கிரகப்பிரவேசம் என்றால் வந்தவர்கள் முதலில் பார்ப்பது கராஜை. மூன்று கார் நிற்குமா என்று. அடுத்து கிச்சன் கவுண்டரின் கல்லைத் தட்டிப் பார்ப்பார்கள். சாமி அதற்குப் பிறகுதான். அப்படி ஒரு கூட்டத்துக்கு நான் சாக்ஸபோன் வாசித்தேன்.

ஹூஸ்டன் பார்களில் ரிதம் அண்ட் ப்ளூஸ் வாசிப்பது என் பிழைப்பு. கோயிலில் யார் கேட்டாலும் என் மனைவி, "கன்சல்டிங்ல இருக்கார்" என்பாள். எதில் கன்சல்டிங் என்று ஒருவரும் கேட்டதில்லை. அந்த ஒரு சொல் போதும், இவர்களுக்குச் சோறு இறங்கிவிடும். நாதஸ்வரக்காரர் வர முடியாமல் போனதும் அவள்தான் என்னை இழுத்துவிட்டாள்.

"ஒரு தடவ கேக்கட்டுங்க. அப்புறம் நான் பொய் சொல்ல வேண்டியதில்ல."

அதற்காகவே வாசித்தேன். பால் பொங்கி முடிந்திருந்தது. சாக்ஸபோனின் அடித்தொண்டையில் தொடங்கி, மெல்ல ஏறி, ப்ளூஸின் உயிர் கிடக்கும் இடத்துக்கு வந்தேன்: நம் கர்நாடக சங்கீதத்தின் சாதாரண, அந்தர காந்தாரங்கள் இரண்டுக்கும் நடுவே, எதிலும் உட்காராமல் வளைந்து தொங்கும் ஒரு சுரம். பாரில் அந்த இடத்தில் குடிகாரன்கூடக் கிளாஸைக் கீழே வைப்பான். இங்கே இட்லி வரிசை நகர்ந்தது. யாரோ வைஃபை பாஸ்வேர்ட் கேட்டார்கள்.

தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த அங்கிள் ஒருவர் கையைத் தூக்கினார்.

"தம்பி, காந்தாரம் சரியில்லையே. சாதாரணமும் இல்ல, அந்தரமும் இல்ல. ரெண்டுங்கெட்டானா நிக்குது."

"அது அங்கதான் நிக்கணும், அங்கிள்."

"ஊதற வாயில இருக்கற ரீட மாத்திப் பாருங்க" என்றார், ஆபீஸில் கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லும் அதே குரலில். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அத்தனை பேரில் அந்தச் சுரத்தைக் கேட்டது அவர் காது ஒன்றுதான். அதுவும் கேட்டவுடன் ரிப்பேர் என்று முடிவு கட்டிவிட்டது.

கேசரி பரிமாறிக்கொண்டு வந்த ஆன்ட்டி என் மனைவியிடம் குனிந்தார். "ஹாபி நல்லாத்தான் இருக்கு. ஒர்க் எங்க பண்றார்?"

நான் ரீடைத் துடைத்துக்கொண்டே அந்தப் பழைய சொல்லுக்காகக் காத்திருந்தேன்.

"பார்ல, ஆன்ட்டி" என்றாள் அவள். "ரெண்டுங்கெட்டான் காந்தாரம் வாசிக்கிறார். அங்க அதுக்குத்தான் கூப்பிடறாங்க."

ஆன்ட்டி கரண்டியைப் பாத்திரத்துக்குள் விட்டபடி அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். எங்கள் இரண்டு தட்டிலும் கேசரி விழவில்லை.