ஏழாவது இடமும் எட்டாவது கோடும்

பல்கலைக்கழகத்துக்கு எடுபடாமல் போவதுகூடப் பரவாயில்லை. எடுபட்டதும் இல்லை, எடுபடாததும் இல்லை என்று நடுவில் தொங்கவிடுகிறார்களே, அதைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை.

எழுபதுகளில், இடங்களை மாவட்ட வாரியாகப் பிரிக்கத் தொடங்கியிருந்த காலம் அது. என்னோடு சோதனை எடுத்த சிலருக்குக் கடிதம் வந்தது. எனக்கு வரவில்லை. கொழும்பில் வேலை செய்த மாமா விசாரித்து எழுதினார்: விஞ்ஞான பீடத்துக்கு எங்கள் மாவட்டத்தின் காத்திருப்போர் பட்டியலில் நான் ஏழாவது. இடம் கிடைத்தவர்களில் ஏழு பேர் விலகினால் என்னைக் கூப்பிடுவார்கள்.

அந்த ஒரு வரி எங்கள் வீட்டைப் பைத்தியக்கார வீடாக்கிவிட்டது.

அப்பா துறைமுகத்தில் சரக்குக் கணக்கெடுப்பவர். கப்பலிலிருந்து இறங்கும் கோதுமை மா மூட்டைகளுக்கு நாலு கோடு நிறுத்தி, ஐந்தாவதைக் குறுக்கே இழுத்து ஒரு கட்டாக்குவார். அவர் கணக்கில் ஒரு மூட்டை பிசகியதில்லை என்று துறைமுகத்தில் பெயர். அதே பழக்கத்தில், குசினியில் அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் தொங்கிய கலண்டரின் பின்பக்கத்தில் விலகியவர்களுக்குக் கோடு போடத் தொடங்கினார். உப்புவெளியில் ஒருவனுக்கு வங்கியில் வேலை கிடைத்தது, ஒரு கோடு. நிலாவெளிப் பெண்ணொருத்திக்கு லண்டன் மாப்பிள்ளை பொருந்தியது, இன்னொன்று. அந்தப் பெண்ணின் முகத்தைக்கூடக் கண்டிராத அம்மா, அவளுடைய கல்யாணம் குழம்பக்கூடாது என்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார்.

சந்தைக்குப் போனாலும் பஸ்ஸில் ஏறினாலும் ஒரே கேள்விதான்: "பிள்ளை, இப்ப எத்தினை?" எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். ஒருநாள் பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் எட்டி, "எடுபட்ட பெடியன் ஒருத்தனுக்கு நெருப்புக் காய்ச்சலாம். இந்த வருசம் போக ஏலாதாம்" என்றார்.

அப்பா கையில் பென்சிலோடு வெளியே வந்தார். "கடுமையோ?"

"ஓம், கடுமைதானாம்."

கோடு விழுந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் போய் எண்ணிப் பார்த்தேன். ஆறு.

இன்னும் ஒரேயொரு ஆள். அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எங்கள் தெருவில் பதினேழாம் இலக்கத்தில் எங்களுடையதோடு இரண்டு வீடுகள் இருந்தன. கடிதங்கள் மாறிப் போவது வழக்கம். "வேலையில மனம் நிக்காது. நானே வாசல் படலையில நிக்கிறன்" என்று இரண்டு கிழமை லீவு போட்டார். காலையிலேயே சேர்ட் போட்டுக்கொண்டு, கதிரையைப் படலையடிக்குக் கொண்டுபோய்ப் போட்டு அதிலேயே இருந்துவிடுவார். தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே எழும்பிவிடுவார். "இண்டைக்கும் இல்லை ஐயா." பன்னிரண்டு நாளும் இதே கதை.

லீவு முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனவர், பத்து மணிக்கே சைக்கிளில் திரும்பி வந்தார். கையில் என் கடிதம்.

விண்ணப்பப் படிவத்தை அப்பாதான் தன் முத்து முத்தான எழுத்தில் நிரப்பியவர். வீட்டு இலக்கத்தை நம்பாமல், எல்லாப் படிவங்களிலும் எழுதுவதுபோல அதிலும் தன் துறைமுகக் கந்தோர் விலாசத்தையே எழுதியிருக்கிறார். எழுதியதை மறந்தும் போனார். வாசித்துப் பார்க்காமல் கையெழுத்து வைத்தவள் நான். அவர் லீவு போட்ட மூன்றாம் நாளே கடிதம் கந்தோருக்கு வந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர் அதைத் தன் மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். ஒருவருடைய கடதாசியை இன்னொருவர் கையில் கொடுத்தனுப்பக்கூடாது என்பது அந்தக் கந்தோரில் அப்பாவே போட்ட சட்டம்.

"நீங்கள் சொன்னபடி உங்கட கையிலதான் குடுக்கவேணும் எண்டு பத்திரமா வச்சனான்" என்றாராம் அவர், பெருமையாக.

ஒரு கிழமைக்குள் வந்து பதிய வேண்டும் என்று கடிதத்தில் இருந்தது. அப்பா கந்தோரிலிருந்தே தொலைபேசியில் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். தவணை முடிந்ததும் இடத்தை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

"பன்னிரண்டு நாளா படலையில இருந்து என்னத்தையப்பா காவல் காத்தனீங்கள்?" என்று கத்தினேன். அந்தக் கோபம் வருடக்கணக்காக என்னோடு இருந்தது. முழுதாகப் போய்விட்டது என்று இப்போதும் சொல்லமாட்டேன்.

அப்பா குசினிக்குப் போய்க் கலண்டரைத் திருப்பினார். எங்களுக்குத் தெரியாமல் விலகியிருந்த அந்த ஏழாவது ஆளுக்கு ஒரு கோடு போட்டார். கணக்கை அரைகுறையாக விட அவரால் முடியாது. நான் பென்சிலைப் பறித்து அதற்குப் பக்கத்தில் இன்னொன்றை இழுத்தேன்.

"இது ஆர், பிள்ளை?" என்று அம்மா கேட்டார்.

"நான்தான்" என்றேன். "பட்டியலில எட்டாவதா இருந்த ஆளின்ர வீட்டில இண்டைக்குத் தேங்காய் உடைப்பினம்."