பத்து எண்ணும் வரை

வாடகைக் கார் ஓட்டுநர் சாவியைத் திருகியதும் ரேடியோவை அணைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இன்ஜின் சத்தத்தைக் கேட்டபடி பத்து எண்ணுவார். டைமிங் பெல்ட் அறுந்தால் இன்ஜின் காலி, பிழைப்பும் காலி. போன மாதம் பெல்ட்டை மாற்றியபோது மெக்கானிக்கிடம், "பம்ப் நல்லாத்தானே ஓடுது, விடுப்பா" என்று, அதே பெல்ட்டில் சுழலும் பழைய தண்ணீர்ப் பம்பை விட்டுவைத்தவரும் அவரே.

இன்று ஏழு எண்ணும்போது உள்ளே ஏதோ முனகியது.

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?" என்றாள் காருக்கு அருகே வந்த மனைவி.

"சத்தம் கேக்குதா?"

"உங்க பல்லு கடிபடுற சத்தந்தான் கேக்குது."

இன்ஜினை நிறுத்தி, வண்டியைக் கயிறு கட்டி இழுத்தே பட்டறைக்குக் கொண்டுபோனார். மெக்கானிக் சிரித்தார்: "ஓட்டிட்டே வந்திருக்கலாமே, அண்ணே!"

மாலையில் பெல்ட்டின் மூடியைக் கழற்றிய பிறகுதான் தெரிந்தது: பம்பின் பேரிங் ஆடி, புது பெல்ட் சரிந்து உரசி, பாதி அகலந்தான் மிச்சமிருந்தது.