இரண்டு போன்களும் ஒரு வியன்னா ரயிலும்

பெட்டி கட்டுவதற்கு மூன்று மாதம் முன்பே, ஒரு பிப்ரவரி ஞாயிற்றுக்கிழமை, ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீட்டு ஹாலிலேயே இந்தப் பயணம் புறப்பட்டுவிட்டது. மகள் நந்தினிக்கு மே மாதம் வியன்னாவில் பட்டமளிப்பு விழா. கையிலிருந்த பணத்துக்கு எங்களில் ஒருவர்தான் போக முடியும். விலை குறைந்த விமானம் மியூனிக் வரைதான், அங்கிருந்து ரயில். வேளச்சேரி சாலையில் ஒரு டிராவல்ஸில் விசாரித்தேன். முதல் வகுப்பு ரயில் பாஸ், சீட் முன்பதிவு, கமிஷன் எல்லாம் சேர்த்து ஆளுக்கு நாற்பத்திரண்டாயிரம் என்றார்கள். விமானத்துக்கே நாற்பத்தாறுதான். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!

பிறகுதான் தெரிந்துகொண்டேன். அந்தந்த நாட்டு ரயில்வேயின் சொந்த இணையதளத்தில், இரண்டு மூன்று மாதம் முன்னதாகப் பார்த்தால், மியூனிக்–வியன்னா இரண்டாம் வகுப்பு முப்பது யூரோதான். நம் பணத்தில் ஏறக்குறைய மூவாயிரம் ரூபாய். நம் ஊர் கார்டே போதும். வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு மட்டும் வங்கி ஆப்பில் அனுமதி கொடுக்க வேண்டும். ஆனால் டிக்கெட் வாங்கிய ரயிலில்தான் ஏற வேண்டும், கட்டிய காசு திரும்பாது.

நான் போனை எடுத்து உட்கார்ந்தபோது என் மனைவி கல்யாணியின் தம்பி முரளி வந்திருந்தான். மறைமலை நகரில் கார் தொழிற்சாலை வேலை அவனுக்கு.

“இன்னா மாமா, ஒத்த போனை நம்பி உக்காந்துகினு கீறீங்க? தத்கால் போட்டதே இல்லியா? அக்கா போன்லயும் அடிங்க. எது மாட்டுதோ அது!”

எங்கள் பக்கத்தில் இதுதான் வழக்கம். தீபாவளி ரயிலுக்கு நாலு பேர் நாலு போனில் மோதி, ஒன்றில் கிடைத்தால் அதுவே பெரிய அருள். நான் ஹாலில், கல்யாணி சமையலறையில். வியன்னா ரயிலில் இடம் கொட்டிக் கிடக்கிறது, அவசரமே தேவையில்லை என்பது இருவர் புத்திக்கும் எட்டவில்லை.

“கிடைச்சிடுச்சு!” என்று கத்தினேன்.

“எனக்கும்!” என்று உள்ளிருந்து குரல் வந்தது.

இரண்டுமே கன்ஃபர்ம். என் போனில் பயணி பெயர் கல்யாணி. அவள் போனில் என் பெயர்.

“நீ போறதுன்னுதானே பேச்சு? என் பேரை ஏன் போட்டே?”

“நான் போனா மூணு வேளையும் சமைச்சுப் போட்டுட்டு வந்துடுவேன். நீங்க போனா அவ ஊரைச் சுத்திக் காட்டுவா, மணிக்கணக்கா பேசுவா. அவளுக்கு அதுதாங்க வேணும்.”

முரளி சிரித்தான். “இதுல இன்னா பேஜாரு? ரெண்டு பேருமே கெளம்புங்க மாமா!”

கணக்குப் போட்டுப் பார்த்தேன். திரும்பும்போது பிராக் வழியாக வந்தாலும் மூன்று ரயிலுக்கும் சேர்த்து ஆளுக்கு எட்டாயிரம்தான். இதில் மிஞ்சியதோடு ஹாலுக்குப் பெயிண்ட் அடிக்க வைத்திருந்ததும் சேர, இரண்டாவது விமான டிக்கெட் வந்துவிட்டது. நந்தினியிடம் மட்டும் மூச்சு விடவில்லை. அம்மா மட்டும் வருகிறாள் என்றே அவள் நினைத்திருந்தாள்.

மே மாதம் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, ஐந்து ரூபாய் டிக்கெட்டில் திரிசூலத்தில் இறங்கி, எதிரே விமான நிலையம் போனோம். விமானம் தாமதமானால் ரயில் டிக்கெட் வீணாகிவிடுமே என்று மியூனிக்கில் ஓர் இரவு தங்கினோம். புதிதாகப் போகிறவர்களும் அப்படியே செய்யுங்கள்.

மறுநாள் காலை மியூனிக் நிலையம். வாசலில் தடுப்பில்லை, டிக்கெட் கேட்க ஆளில்லை, கூச்சலுமில்லை. கல்யாணி போனையே உற்றுப் பார்த்தாள். “சீட் நம்பரே காணோமே, இது நெஜமா கன்ஃபர்ம்தானா?” அங்கே டிக்கெட் வேறு, இருக்கை முன்பதிவு வேறு, நாங்கள் அதை வாங்கவில்லை. எங்கள் பெட்டியை மேலே தூக்கி வைத்த வியன்னாக்காரர் ஒருவர், இருக்கைக்கு மேலிருந்த சின்னத் திரையைக் காட்டி, “இதில் ஊர்ப் பெயர் இல்லையென்றால் யாரும் முன்பதிவு செய்யவில்லை, தாராளமாக உட்காரலாம்” என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

நொடி பிசகாமல் வண்டி கிளம்பியது. வலப்பக்கம் பனி மூடிய மலைகள் கூடவே வந்தன. கல்யாணி ஜன்னலோடு ஒட்டிக்கொண்டாள். நானூறு ரூபாய் காபிக்குக்கூட அவள் முணுமுணுக்காதது எனக்குப் பெரிய அதிசயம். தாம்பரத்திலிருந்து மதுரை போகும் தூரம்தான். நாலு மணி நேரத்தில், தம்ளர் தண்ணீர் அலுங்காமல் கொண்டுபோய் விட்டார்கள். வண்டி என்றால் இதுதான் வண்டி என்று மனமாரச் சொல்கிறேன்.

வியன்னாவில் கல்யாணி முதலில் இறங்கினாள். நந்தினி ஓடி வந்து கட்டிக்கொண்டாள். அம்மாவின் தோளுக்கு மேலாக, பெட்டியோடு படியில் நின்ற என்னைப் பார்த்ததும் அவள் முகம் கோணியது. சின்ன வயதில் அழப்போகும் முன் அப்படித்தான் கோணும்.

“அப்பா!”

“உனக்குக் கஷ்டமில்லையே? விழாவுக்கு அம்மா ஒருத்திக்குத்தானே இடம் சொல்லியிருப்பே? நான் வெளியில நின்னுக்கறேம்மா.”

“ரெண்டு சீட்டு சொல்லியிருக்கேன்ப்பா.”

“நான் வர்றது உனக்குத் தெரியாதே?”

“தெரியாது. அம்மா பக்கத்துல வேற யாரும் உக்காரக் கூடாதுன்னு இருந்துச்சு.”

வெள்ளிக்கிழமை அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். மேடையில் அவள் பெயரைக் கூப்பிட்டபோது கண்ணீர் மறைத்தது. கைக்குட்டைக்காகக் கல்யாணி பக்கம் திரும்பினேன். அதை அவள் முகத்தில் வைத்துக்கொண்டிருந்தாள்.