அவர் படிக்க, நான் சரிபார்க்க

அந்தக் கணினியின் திரை பின்புறம் நீண்டு மேசையில் பாதியை அடைத்துக்கொண்டிருக்கும். தஞ்சாவூரில் ஓர் ஆய்வு மையத்தில், காவிரிப் படுகையைப் பற்றி வந்த நூல்களின் விவரங்களை அதில் ஏற்றிக்கொண்டிருந்தோம். ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு என்று கட்டம் கட்டமாக அடித்துச் சேமிப்போம். அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு கோப்பையும் முன்தோற்றத்தில் திறந்து பார்க்க வேண்டும். அப்போதுதான் கட்டங்கள் மறைந்து, நூலின் கடைசிப் பக்கங்களில் வருவதுபோல எல்லாம் வரிசையாகத் தெரியும். என்னோடு வேலை பார்த்த பெண் திரையைப் பார்த்துப் படிப்பார். நான் நூலை வைத்துக்கொண்டு சரிபார்ப்பேன்.

அவருக்குத் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். வீட்டில் இவர்தான் முதல் பட்டதாரி. என்னைவிடச் சற்று இளையவர். 'சார்' என்றே கூப்பிடுவார். காற்புள்ளி, முற்றுப்புள்ளியைக்கூட விடாமல் நிதானமாகப் படிப்பார். கையிலிருக்கும் நூலை மறந்து அந்தக் குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்த நேரங்கள் உண்டு.

ஒரு மதியம் விவசாயக் கூலிகள் என்ற தலைப்பிலிருந்த கோப்பைத் திறந்தார். நீளமான பட்டியல். பாதியில் படிப்பதை நிறுத்திவிட்டு மேலும் கீழுமாகத் தள்ளிப் பார்த்தார். எல்லா நூல்களின் முன்னுரையையும் புரட்டியவர்கள் நாங்கள். எழுதியவர்கள் யார், எங்கிருந்து வந்தவர்கள் என்பது எங்களுக்குத் தெரியும்.

"எங்க ஆளுங்களப் பத்தி இவ்ளோ எழுதியிருக்காங்க சார். எங்க ஆளு எழுதினது ஒண்ணுகூட இல்ல."

தானே எழுதப்போவதாகச் சொன்னார். அதன்பிறகு ஊருக்குப் போய்வரும்போதெல்லாம் அம்மாவிடம் கேட்டு வந்ததைச் சொல்வார். கூலியாக அளந்த நெல்லைப் பற்றி, களத்தில் நின்ற நேரங்களைப் பற்றி. அந்த நூல் மெதுவாகவே எழுதப்படட்டும் என்று நினைத்தேன். அதுவரை அவர் இங்கேயே இருப்பார் அல்லவா.

அவரோ மாலை நேரங்களில் கணினி வகுப்புக்கும் போய்க்கொண்டிருந்தார். சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. அவர்கள் அமெரிக்காவுக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். என்னிடம் சொல்ல வந்தவர் உட்காரவில்லை.

"தம்பிங்க படிக்கணும் சார். எழுதறத அங்க போயும் எழுதலாம்ல?"

எழுதலாம் என்றேன். அவர் போனபின் திரையையும் நூலையும் நானே மாறி மாறிப் பார்த்துச் சரிபார்த்தேன். வேலை இரண்டு மடங்கு நேரம் பிடித்தது. அறை மிகவும் அமைதியாக இருந்தது.

அவர் எழுதவில்லை. தம்பிகள் படித்தார்கள், ஊரில் மாடி வீடு எழும்பியது. அமெரிக்காவிலிருந்து எப்போதாவது தொலைபேசியில் பேசுவார். போன தையில் ஒரு காலை அழைத்து, அறுப்பு முடிந்ததா என்று விசாரித்தார். பிறகு அந்தத் தலைப்பில் புதிதாக யாராவது எழுதியிருக்கிறார்களா என்று கேட்டார்.

கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னேன், "இருக்குங்க. கூலி வேலைக்குப் போனவங்க வீட்டுப் பிள்ளைங்களே இப்ப எழுதறாங்க. உங்க ஊருக்குப் பக்கத்துப் பொண்ணு ஒண்ணுகூட எழுதியிருக்கு."

மறுமுனையில் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"படிங்க சார், கேக்கறேன்."

மேலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். அந்தப் பெண்ணின் பெயரும் நூலின் தலைப்பும் வந்தபோது, "அத மட்டும் இன்னொரு தடவ" என்றார்.

படித்தேன்.