ஐயோ பிலவேந்திரன் ஜப்பான் கொட்டுப் படித்த கதை

ஜப்பான்காரன் சண்டையில் தோற்றது ஏன் என்று பெரிய பெரிய மூளைகள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கின்றன. வரதராசன்பேட்டையில் வந்து கேட்டிருந்தால் ஓசியிலேயே சொல்லியிருப்போம். எங்கள் ஊர் பிலவேந்திரன் கொட்டுக்குச்சியைக் கீழே வைத்துவிட்டான். அதோடு அவர்கள் கதை முடிந்தது. அவன் கொட்டினால் அரண்மனைத் தூண் விரிசல் விடும். சமையற்காரன் கரண்டியோடு வந்து ஆடுவான். கடலில் மீன்கள் வரிசை கட்டி நிற்கும். அப்பேர்ப்பட்ட கை அது.

இதில் ஒரு சின்ன இடறல் உண்டு. பிலவேந்திரன் ஜப்பானைக் கண்ணால் கண்டதில்லை.

அவன் போனது மலாயாவுக்கு. ஜொகூரில் ஜப்பான்காரர்கள் நடத்திய ஒரு ரப்பர் தோட்டத்தில், யுத்தத்துக்கு முன்னால், அவனும் அண்ணன் மரியசூசையும் பால்மரம் சீவினார்கள். ஆவணி பிறந்தால் தோட்டத்து ஜப்பான்காரர்கள் திடலில் பரண் கட்டுவார்கள். நெல் குதிர் மாதிரி ஒரு கொட்டுமேளத்தை அதன்மேல் ஏற்றி, சுற்றிலும் வட்டமாக நின்று ஆடுவார்கள். அதைப் பார்த்த அன்றே பிலவேந்திரனுக்குக் கை அரிக்க ஆரம்பித்தது. பால்வாளி, தகரம், அண்ணன் முதுகு, எது கிடைத்தாலும் தட்டினான். சத்தம் பொறுக்காமல் கிடங்கு ஜப்பான்காரர் அவனைக் கூப்பிட்டு, சிங்கப்பூரில் ஒரு கொட்டு வாத்தியார் இருக்கிறார், ஒரு மாதம் அங்கே போய் ஒழுங்காகப் படித்துவிட்டு வந்து தட்டித் தொலை என்றார்.

"என் மரத்தையெல்லாம் யாருண்ணே சீவுறது?" என்றான் பிலவேந்திரன்.

"நான் சீவுறேன், போடா. ஊருக்குப் போனா நம்ம கோயில் சப்பரத்துக்கு அடிக்கலாம். என் முதுகும் பொழைக்கும்."

அண்ணன் இருட்டோடு எழுந்து இரண்டு பேர் மரத்தையும் சீவினான். தம்பி சிங்கப்பூரில் படித்தான். முதலில் குச்சியையே கையில் தரவில்லையாம். நிற்கப் படி என்றாராம் வாத்தியார். காலை அகட்டி, முழங்காலை மடக்கி, கொல்லைக்கு ஒதுங்கினவன் ஆள் வருவதைப் பார்த்துப் பாதியில் எழுந்த மாதிரி நிற்க வேண்டும். அப்புறம் வாய்ப்பாடம்: தோன், தோன், தொகோ தொகோ. பெரிய அடி விழுமுன் அடிவயிற்றிலிருந்து ஒரு கூவல்: "இயோ!" ஆட்டமும் உண்டு. மண்ணை வெட்டு, தோளில் தூக்கு, நெற்றியில் கை வைத்து வானத்தைப் பார், வண்டியைத் தள்ளு, கையைத் தட்டு.

பிறகு யுத்தம் வந்தது. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது மரியசூசையை லாரியில் ஏற்றினார்கள். பிலவேந்திரனைக் கொட்டடிக்க வேண்டுமென்று தோட்டத்திலேயே நிறுத்திக்கொண்டார்கள். அண்ணன் வாந்திபேதியில் போய்விட்டான் என்று, தப்பி வந்த ஓர் ஆள் சொன்னான். புதைத்த இடம் அவனுக்கும் தெரியவில்லை.

யுத்தம் முடிந்து மறுவருஷம் பிலவேந்திரன் அரியலூரில் ரயிலை விட்டிறங்கி, கரிப்புகையில் ஓடும் பஸ்ஸில் இருமிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தான். கடிகாரம் இல்லை, கிராமபோன் இல்லை. உலக்கைக்குப் பிறந்த குட்டிகள் போல இரண்டு குச்சிகள் மட்டும் இருந்தன. அம்மா செபஸ்தியம்மாள் அவனைத் தாண்டித் தெருவைப் பார்த்தாள்.

"பெரியவன் எங்கடா?"

"அண்ணன் அடுத்த கப்பல்ல வருதும்மா."

நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. சொன்னதைத் திரும்ப விழுங்க அவனுக்குத் தெரியவில்லை. செத்தவன் பேரில் பூசை வைத்தால்தான் உத்தரிக்கிற ஸ்தலத்தில் அவனுக்கு நெருப்பு தணியும் என்று ஞானோபதேசத்தில் படித்தவன் அவன். கப்பலில் வந்துகொண்டிருக்கிறவனுக்கு யார் பூசை வைப்பார்கள்? பெரியவன் சுகமாய் வந்து சேரணும் என்று அம்மா தினம் செபமாலை உருட்டினாள். அண்ணன் அங்கே வெந்துகொண்டிருந்தான். தம்பி வாயைத் திறந்தால் போதும். திறக்க முடியவில்லை.

வாய்க்குப் பதில் கையைத் திறந்தான். சாராயக்கடை மரப்பீப்பாய் ஒன்றைக் கெஞ்சி வாங்கி, செந்துறைச் சந்தைத் தோலை இழுத்துக் கட்டினான். தேவசகாயம் வாத்தியார் மகள் கல்யாணத்துக்கு, கோயிலிலிருந்து வீடு வரை ஜப்பான் கொட்டு என்று ஏற்பாடு ஆயிற்று. மாப்பிள்ளையும் பெண்ணும் மாலையோடு படியிறங்கினார்கள். பிலவேந்திரன் காலை அகட்டினான். குச்சியை உயர்த்தினான். அடிவயிற்றிலிருந்து கூவினான்.

"இயோ!"

ஊர்க் காதில் விழுந்தது, "ஐயோ!"

மாப்பிள்ளையின் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தேவசகாயம் வாத்தியார் குடையை ஓங்கிக்கொண்டு வந்தார்.

"அடப்பாவி! கல்யாண வூட்டுல ஐயோங்கிறியே, எவன்டா செத்தான்?"

அந்தக் கேள்விக்கு அவனிடம் பதில் இருந்தது. ஆனால் வாத்தியாரிடம் சொல்கிற பதில் இல்லை அது.

"ஜப்பான்ல அப்படித்தாங்க சார் கூவணும்."

"அதான் அவனுவ கதி அப்படி ஆச்சு!"

மறுநாள் ஊர்த் தறுதலை ஒருவன் அவனுக்கு 'ஐயோ பிலவேந்திரன்' என்று பேர் வைத்தான். ஞாயிறு பூசை முடிவதற்குள் கைக்குழந்தைகூட அப்படிக் கூப்பிட்டது. ஆட்டத்தை ஆடிக் காட்டியாவது மானத்தை மீட்கலாம் என்று பார்த்தான். வெட்டினான், தூக்கினான், தள்ளினான். "இதைப் படிக்கவா சிங்கப்பூரு போனே? முந்திரிக்கொல்லைக்கு வந்திருந்தா கூலியோட கத்துக் குடுத்திருப்போமே!" என்று பெண்கள் சிரித்துச் சிரித்துப் புரையேறினார்கள்.

செபஸ்தியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. ஐப்பசி மழை விட்ட ஒரு மத்தியானம், மல்லாட்டைக் கடலை உரித்தபடி கேட்டாள்.

"ஏன்டா, அந்த ஆட்டத்துக்கு என்னடா பேரு?"

"போன் ஒடோரி."

"என்னது?"

"போன். ஒடோரின்னா ஆட்டம்."

உரித்த கை நின்றது. "போன ஆட்டமா? யாருடா போனது?"

அது அந்த ஊர்த் திருநாளின் பேர், அவ்வளவுதான் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் அது எதற்கான திருநாள் என்பதும் அவன் படிப்பில் சேர்த்தி.

"செத்துப் போனவங்க வருஷத்துக்கு ஒருவாட்டி வூட்டுக்கு வருவாங்களாம்மா. அவங்களுக்காக ஆடுற ஆட்டம்."

அவள் ஒரு கொட்டையை உடைத்தாள். பருப்பை முறத்தில் போட்டாள்.

"பெரியவன் வருவானாடா, அதுல?"

பிலவேந்திரன் முறத்தையே பார்த்தான்.

"வரும்மா. அதுலதான் வரும்."

செபஸ்தியம்மாள் மூக்கைச் சிந்தினாள். "கப்பல்ல வர மாட்டான்னு, நீ ஒத்தையா வந்து நின்ன அன்னிக்கே தெரியும்டா. நீ வாயத் தொறப்பேன்னு பார்த்தேன். கல்யாண வூட்டுல போயி தொறந்தியே, பாழாப் போறவனே!"

"அப்ப பூசை வெச்சிருக்கலாமில்லம்மா?"

"ஒருத்தன் வந்து செத்துட்டான்னு சொல்லாம எப்படிடா வெப்பேன்? பெத்தவ வாயால சொல்லவா? எந்திரி. சாமிக்கிட்ட போய் சொல்லு."

பங்குச் சாமியார் பூசைக்கு உடனே ஒப்புக்கொண்டார். கொட்டுக்குத்தான் யோசித்தார். கல்லறைத் திருநாளன்று கல்லறைச் சுவருக்கு வெளியே வைத்து அடி, அந்தப் பீப்பாய் இன்னும் நாறுகிறது என்றார்.

அன்று சாயங்காலம் ஊர் முழுக்க அவரவர் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றியது. ஏற்றுவதற்குக் கல்லறை இல்லாத செபஸ்தியம்மாள், சுவருக்கு வெளியே வெறும் மண்ணில் ஒன்றை நட்டாள். பிலவேந்திரன் அதன் பக்கத்தில் காலை அகட்டி நின்றான். தோன், தோன், தொகோ தொகோ. பெரிய அடி வரும்போதெல்லாம் கூவலை மென்று விழுங்கினான்.

"ஏன்டா முழுங்குறே?" என்றாள் அம்மா. "அந்த ஐயோவைச் சொல்லுடா."

சொன்னான். சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாத் தலையும் திரும்பியது. ஒருவரும் திட்டவில்லை. அது ஐயோவுக்கான இடம்தான்.

ஆனால் சுற்றி ஆட ஆள் இல்லை. வட்டம் இல்லாவிட்டால், செத்துப் போனவன் எதை அடையாளம் வைத்து வருவான்? அடித்துக்கொண்டே பிலவேந்திரன் சுற்றிலும் பார்த்தான். சுவர்மேல் உட்கார்ந்து, கேலி பண்ண நேரம் பார்த்துக்கொண்டிருந்த யாரோ ஒரு தறுதலை குதித்து இறங்கி, மண்ணை வெட்டினான், தோளில் தூக்கினான், வானத்தைப் பார்த்தான். எல்லாம் தப்புத் தப்பாக. அவன் பின்னால் செபஸ்தியம்மாள் வெட்டினாள், தூக்கினாள். முந்திரிக்கொல்லைப் பெண்கள் வந்தார்கள். அவர்களுக்குக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. கடைசியில் தேவசகாயம் வாத்தியார் குடையை மண்வெட்டியாக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

இவ்வளவையும் எழுதி முடித்து, கொட்டுத்தோலை இறுக்கிக்கொண்டிருந்த பிலவேந்திரனிடம் வாசித்துக் காட்டியாயிற்று. அரண்மனைத் தூணுக்கு விழுந்து விழுந்து சிரித்தான். அண்ணன் வந்த இடத்தில் கயிற்றை இழுத்தான். கடைசிவரை கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"எல்லாம் சரிதான். எங்கம்மா பேரு இருக்கு, வாத்தியாரு பேரு இருக்கு, எங்கண்ணன் பேரும் இருக்கு. மொதல்ல குதிச்சு வந்து ஆடுனான் பாரு ஒரு தறுதலை, அழுதுக்கிட்டே ஆடுனான், அவன் பேரு மட்டும் காணோமே. ஏன்டா நல்லதம்பி?"