கழுத்தைப் பார்க்கிறவள்

கடைக்குள் யார் நுழைந்தாலும் விலாசினி சேச்சி முதலில் கழுத்தைத்தான் பார்க்கிறாள். முன்கழுத்தை அல்ல, பிடரியை. வந்தவர் அலமாரிப் பக்கம் திரும்புகிறவரை பேசாமல் காத்திருப்பாள். திரும்பியதும் சட்டைக் காலருக்கு மேலே கண் போகும். அங்கே தோல் தடித்து, மடிப்பு மடிப்பாகக் கறுத்துக் கிடந்தால் தொலைந்தார் அந்த ஆள்.

"இது என்ன கறுப்பு?"

"அழுக்கு சேச்சி. வெயில்ல அலையறேன்ல."

"அழுக்குன்னா தேய்ச்சாப் போகுமே."

"தேங்காய் நார் போட்டுத் தேய்க்கறேன். போக மாட்டேங்குது."

"அப்படித் தேய்ச்சா தோல்தான் போகும். நாளைக்கு வெறும் வயித்துல ரத்தம் குடுத்துச் சர்க்கரை இருக்கான்னு பாரு. அப்புறமா வந்து லேகியம் கேளு. இப்ப கிளம்பு."

ஒற்றப்பாலம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற ஆயுர்வேத மருந்துக்கடை அது. அடுத்த கடை என்னுடையது. நான் அம்பிளி, தையல்காரி. நடுவில் பலகைத் தடுப்புதான். அவள் போடுகிற சத்தத்தில் என் மிஷின் ஓடுகிற சத்தம் எனக்கே கேட்காது.

லேகிய டப்பாக்களையெல்லாம் அவள் மேல்தட்டில் ஏற்றி வைத்திருக்கிறாள். வேண்டுமானால் அவளைக் கேட்டுத்தான் ஆகவேண்டும், அவள் ஸ்டூல் போட்டு ஏறித்தான் எடுக்கவேண்டும். முதலாளி அவற்றைக் கீழே இறக்கி வைப்பார். மறுநாள் காலையில் எல்லாம் மறுபடி மேலே இருக்கும். "விலாசினி, நீ இங்க விக்க வந்தியா, விரட்ட வந்தியா?" என்று அவர் பல்லைக் கடிப்பார். "அவங்க பொண்டாட்டிங்க வந்து உங்களைச் சபிக்கக் கூடாதேன்னுதான்" என்பாள். இருபது வருஷம் கணக்கு வழக்கில் ஒரு பிசகு இல்லாமல் வேலை பார்த்தவளை அவரால் அனுப்பவும் முடியாது.

அவள் கேட்கிற கேள்விகளுக்கு வெட்கம் மானம் கிடையாது. கடையில் நாலு பெண்கள் நிற்கும்போதே ஓய்வுபெற்ற வாத்தியாரிடம், "சாப்பிட்டதும் கண்ணைச் சொருகுதா? வாயெல்லாம் இனிக்குதா? உள்ளங்கால் எரியுதா? ராத்திரி மூத்திரத்துக்கு எத்தனை தடவை எழுந்திருக்கறீங்க?" என்று ஒரு நாள் அடுக்கினாள். அந்த மனிதர் குடையைக்கூட எடுக்காமல் ஓடினார். நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

இந்தக் கேள்விகளெல்லாம் டாக்டர் ஷம்லாவிடம் அவள் கேட்டுத் தெரிந்துகொண்டவை. கடையின் பின்னறையில் சனிக்கிழமைதோறும் உட்கார்ந்து பார்க்கிற வைத்தியர் அந்தப் பெண். நிதானமாகப் பேசுவாள். "நோய் திடுதிப்புன்னு வராது சேச்சி. முன்னாடியே சொல்லி அனுப்பும். வாய் இனிப்பு, கைகால் எரிச்சல், சோம்பல், தூக்கம்னு பழைய வைத்தியருங்க எண்ணி வெச்சிருக்காங்க. லேப் ரிப்போர்ட்டும் அதையேதான் வேற மாதிரி சொல்லுது. இந்தக் கட்டத்துல சோத்தைக் குறைச்சு, நல்லா நடந்தா, முக்கால்வாசிப் பேரு திரும்பி வந்துடலாம். நெல்லிக்காயும் மஞ்சளும் நான் தர்றேன், ஆனா அதை மட்டும் நம்பி உக்காந்துட்டா நான் பொறுப்பில்லை. மூணு மாசத்துக்கு ஒருதரம் ரத்தம் பாக்கணும்." காசில்லாத நோயாளியை அந்தக் காலத்தில் கிணறு வெட்டச் சொல்வார்களாம், உடம்பு அசைய வேண்டும் என்பதற்காக. அதை அவள் ஒரு நாள் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான், விலாசினிக்குத் திட்டுவதற்கு ஒரு வசவு கிடைத்துவிட்டது. தொந்தியைத் தூக்கிக்கொண்டு அரிஷ்டம் கேட்டு வருகிறவனிடம், "போய்க் கிணறு வெட்டு!" என்பாள். "எல்லாரும் போர் போட்டாச்சு சேச்சி, எங்க வெட்டறது?" என்பான் அவன். சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள்.

அவளால் சிரிக்க முடியாது. அவள் புருஷன் திவாகரேட்டன் பாலக்காட்டுக்குப் போகிற தனியார் பஸ் ஓட்டுகிறார். அவருடைய அண்ணன் வேலாயுதேட்டனும் அதே தடத்தில் ஓட்டினவர்தான். அண்ணனுக்கும் இதே வயதில்தான் கழுத்து கறுத்தது. ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "பார்டர்லதானே இருக்கு, தாண்டலையே!" என்று குடும்பமே சிரித்தது. பிறகு தாண்டியது. தாண்டினதையும் வருஷக்கணக்கில் கவனிக்கவில்லை. கண்ணுக்குள் ரத்தம் கசிந்தது. இப்போது சோறு எந்தப் பக்கம், மீன் எந்தப் பக்கம் என்று கேட்டுத்தான் சாப்பிடுகிறார்.

இந்த வருஷம் தம்பியின் ரிப்போர்ட்டும் வந்தது. பார்டர்.

திவாகரேட்டன் உடனே சாயாவில் சர்க்கரையை நிறுத்தினார். அடேயப்பா, என்ன ஆர்ப்பாட்டம்! "எனக்கு மட்டும் சர்க்கரை இல்லாம!" என்று ஸ்டாண்டுக்கே கேட்கிறமாதிரி கத்துவார். சுற்றி நிற்கிறவர்கள் மெச்ச வேண்டும். கர்க்கடக மாசம் வந்தது. மழைக்காலத்தில் உடம்பு தேற வேண்டுமென்று இங்கே வீட்டுக்கு வீடு லேகியம் சாப்பிடுவார்கள். இந்த மனிதர் வேறு கடையில் ஒரு டப்பா வாங்கி டிரைவர் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு டிரிப் முடிந்ததும் ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டிருக்கிறார். கண்டக்டர்தான் வந்து சொன்னான். மத்தியானம் இரண்டு மணி டிரிப்பில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அவருக்குக் கண் சொருகுகிறது என்பதையும் அவன்தான் சொன்னான்.

"அது மருந்துடீ! உங்க கடையிலயும் விக்கற சரக்குதானே? நீ வித்தா மருந்து, நான் தின்னா விஷமா?" என்று தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் எகிறியது எனக்குக் கேட்டது.

"அதுல பாதி வெல்லம். ஒடம்பு இளைச்சவனுக்குக் குடுக்கறது அது. உங்களுக்கு எங்க இளைச்சிருக்கு, மூளையிலயா?"

எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. மருந்துக்கடை டப்பாவில் இருந்தால் வெல்லம் வெல்லம் இல்லையா? இந்த ஊரில் இப்படித்தான். கசாயம் கசக்கிறது என்று பின்னாலேயே ஒரு துண்டு வெல்லத்தைக் கடிக்கிறவர்கள் எத்தனை பேர்! போதாக்குறைக்கு இடுப்பில் முண்டு வேட்டி வேறு. பேண்ட் என்றால் இடுப்புப் பித்தான் போட முடியாதபோதாவது சொரணை வரும். முண்டு எவ்வளவு வயிற்றுக்கும் இடம் கொடுக்கும். அண்ணன் மகள் கல்யாணத்துக்குச் சட்டை தைக்க வந்த திவாகரேட்டன், "பழைய அளவுக்கே தை அம்பிளி" என்றார். நான் டேப்பைச் சுற்றினேன். பழைய அளவில் தைத்தால் நெஞ்சுக்குக் கீழே பித்தான் போட முடியாது. சொன்னேன். "துணி சுருங்கும்னு பயப்படறியா?" என்று சிரித்தார். கத்தரிக்கோலைத் தூக்கி எறியலாம்போல இருந்தது எனக்கு.

கல்யாணம் கர்க்கடகத்துக்கு அடுத்த சிங்க மாதத்தில் நடந்தது. மண்டபத்தில் முதல் பந்தி. பெண்ணைப் பெற்றவர் ஓடியாடி உபசரிக்க வேண்டும், வேலாயுதேட்டனால் முடியாது என்பதால் அவரையும் பந்தியிலேயே உட்கார வைத்திருந்தார்கள். அவருக்குப் பக்கத்தில் தம்பி, தம்பிக்கு அடுத்து விலாசினி. நான் எதிர் வரிசையில்.

வெல்லப் பாயசமான அடைப் பிரதமன் வந்தது. திவாகரேட்டன் இரண்டு முறை வாங்கினார். விலாசினி அவர் முழங்கையைக் கிள்ளியதைப் பார்த்தேன்.

"இன்னிக்கு ஒரு நாள்தானே? சாயந்திரம் ரெண்டு மூடி அரிஷ்டம் குடிச்சுக்கறேன், போதுமா?"

அடுத்து பால்பாயச வாளி வந்தது. தம்பி சொன்னது அண்ணனுக்குக் காதில் விழுந்துவிட்டது. "திவாகரா! எம் மக ஸ்மிஷா கல்யாணம்டா. வயிறு நிறையச் சாப்பிடலைன்னா எனக்கு மனசு ஆறாது. போடு மோனே, அவனுக்கு நல்லாப் போடு!" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே பப்படத்துக்காக இலையில் துழாவினார். கை இஞ்சிக்கறியில் விழுந்தது. அங்கிருந்து உப்பில் விழுந்தது. திவாகரேட்டன் பப்படத்தை எடுத்து அண்ணன் விரலுக்கிடையில் வைத்தார். வைத்துவிட்டு, அதே கையால் பாயசக்காரனிடம் இலையைக் காட்டி, "ஊத்து" என்றார்.

கரண்டி சாய்வதற்குள் விலாசினியின் கை வந்துவிட்டது. புருஷனின் இலையை, சோறும் பிரதமனும் இருக்க இருக்க, முன்விளிம்பைப் பிடித்துத் தூக்கி எதிர்ப்பக்கமாக மடித்து அழுத்தினாள்.

"அடிப்பாவி!" அண்ணன் பெண்டாட்டி பந்தி நடுவிலிருந்தே அலறினாள். "கல்யாண வீடுடீ இது! சாவு வீட்டுல மடிக்கற மாதிரி மடிக்கறியே, உங் கை வெளங்குமா?"

பந்தி நின்றது. பாயசக்காரன் வாளியோடு நின்றான். திவாகரேட்டனின் முகம் வெளுத்துவிட்டது.

"என்ன? என்ன ஆச்சு?" வேலாயுதேட்டன் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பினார். "ஏன் எல்லாரும் பேசாம இருக்கீங்க? அவ எதை மடிச்சா? யாராவது சொல்லுங்கடா!"

விலாசினி புருஷனுக்குக் குறுக்கே எட்டி, அந்தப் பெரியவரின் எச்சில் கையைப் பிடித்து இழுத்து, மடித்த இலையின்மேல் வைத்தாள். மடிப்பு எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று அந்த விரல்களுக்குத் தெரிகிறவரை அவள் கையை விடவில்லை.